நீல நிறக் காரின் ஸ்டியரிங் பூட்டு

நான் மேலே கண்ட முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. தொழில் பல் மருத்துவம். பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சாலையில் எனக்குச் சொந்தமான பல் மருத்துவமனை இருக்கிறது. காலையில் அங்கே இருப்பேன். மதியத்துக்குப் பிறகு அதே கட்டடத்தின் பின்னால் உள்ள கொட்டகையில் பழைய கார்களைச் சீர்செய்கிறேன். அந்த வேலையில் என் உடன்பிறந்த தம்பி என்னுடன் இருக்கிறான். அவன் மெக்கானிக். அக்கம்பக்கத்தில் பல் டாக்டரம்மா என்று கேட்டால் முன்வாசலையும், கார் டாக்டரம்மா என்று கேட்டால் பின்வாசலையும் காட்டுவார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாதவர்களும் உண்டு. இந்த வழக்கு சம்பந்தமாக என்னை விசாரித்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இன்றைக்குப் பழைய கார்கள் எப்படி வாங்கி விற்கப்படுகின்றன என்று காவல் ஆய்வாளர் கேட்டதால் அதை முதலில் சொல்கிறேன். ஒரு வகை ஆட்களுக்குக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும்; திருகாணிகூட அந்தக் காலத்துத் திருகாணியாக இருக்க வேண்டும். இன்னொரு வகையினருக்கு வெளியே பழைய காராகவும் உள்ளே புதிய காராகவும் இருக்க வேண்டும். பவர் ஸ்டியரிங், டிஸ்க் பிரேக், ஏ.சி. எல்லாம் கேட்பார்கள். சமீப காலமாக வேறொரு கூட்டமும் வந்திருக்கிறது. அவர்கள் காரை ஓட்டுவதில்லை, நிலம் வாங்கிப் போடுவது போல வாங்கிப் போடுகிறார்கள். நானும் என் தம்பியும் பிரேக், ஸ்டியரிங், விளக்கு போன்ற உயிர்காக்கும் பாகங்களைப் புதிதாகப் போட்டுவிடுவோம். கழற்றிய பழைய பாகம் எதையும் எறிய மாட்டோம். துடைத்து எண்ணெய் பூசி மரப்பெட்டியில் வைத்துக் காரோடு சேர்த்தே கொடுத்துவிடுவோம். பிற்காலத்தில் யாராவது பழையபடி மாற்ற நினைத்தால் மாற்றிக்கொள்ளலாம். இப்படிப் பெட்டியோடு போகும் காருக்கு விலை கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். அதை நான் மறைக்கவில்லை.

இந்த வழக்கில் சம்பந்தப்பட்ட நீல நிறக் காரை நான் ஒரு தரகர் மூலமாக வாங்கினேன். நான்கு கதவுகள் கொண்ட, என் வயதையொத்த கார். வாங்கும்போது அது ஒரு செங்கல் சூளையின் ஓரத்தில் டயர் இல்லாமல் நின்றிருந்தது. உள்ளே கோழிகள் இருந்தன. என்ஜினுக்கு மேலே உள்ள தகட்டில் இருந்த எண்ணும் தரகர் கொடுத்த ஆவணத்தில் இருந்த எண்ணும் ஒன்றாகவே இருந்ததைச் சரிபார்த்த பிறகே வாங்கினேன். அந்தத் தகடு வேறொரு காரிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது என்பது இந்த விசாரணையில்தான் தெரிய வந்தது. அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் எண் தடித்த தார்ப்பூச்சுக்கு அடியில் இருந்ததால் அன்று அதைப் படிக்க முடியவில்லை. தரகரின் தொலைபேசி இப்போது அணைந்து கிடக்கிறது.

அதன் பிறகு காரைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து பிரித்தோம். துரு எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க நான் பல் சொத்தை பார்க்கும் கொக்கியைத்தான் பயன்படுத்துவேன். நல்ல இரும்பில் கொக்கி வழுக்கும், கெட்ட இரும்பில் சிக்கும். பல்லும் அப்படித்தான். என்ன வித்தியாசமென்றால் கார் வாயை மூடிக்கொள்வதில்லை. இரண்டு கதவுகளின் அடிப்பகுதியையும் தரைத் தகட்டையும் வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தோம். அடிச்சட்டம் திடமாக இருந்தது. முன் இருக்கையின் முதுகில், பின்னால் உட்காருகிறவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு மரக் கைப்பிடி இருந்தது. அதன் நடுவில் சிறு பள்ளங்கள் இருந்தன. ஏதோ எலி கடித்திருக்கிறது என்று என் தம்பி இழைக்கப் போனான். நான் தடுத்தேன். அவை ஒரு குழந்தையின் பால் பற்கள். மேல் வரிசையில் ஒரு பல் விழுந்த இடைவெளிகூடத் தெரிந்தது. அந்தக் கைப்பிடிக்கு மெருகு மட்டும் பூசி அப்படியே விட்டோம்.

அதன் பிறகு பவர் ஸ்டியரிங் பொருத்துவதற்காகப் பழைய ஸ்டியரிங் தண்டை முழுசாகக் கழற்றினோம். சாவி போடும் பூட்டு அதில்தான் இருக்கிறது. அந்தப் பூட்டு உடைந்திருந்தது. காரை ஓட்டுவதற்கு டாஷ்போர்டுக்குக் கீழே தனியாக ஒரு மலிவான சுவிட்ச் வைத்திருந்தார்கள். முன் கதவில் உள்ள சிறிய முக்கோணக் கண்ணாடியின் கொண்டியும் வளைந்திருந்தது. பழைய கார்களில் இதெல்லாம் சாதாரணம். சாவியைத் தொலைத்துவிட்டுப் பூட்டை உடைக்கிறவர்கள் நிறையப் பேர். அதனால் அப்போது எதுவும் தோன்றவில்லை. தண்டையும் கொண்டியையும் பெட்டியில் வைத்தோம்.

கார் முடியும் தறுவாயில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் அதை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். முன்பு நான் குறிப்பிட்ட, வாங்கிப் போடும் கூட்டத்தைச் சேர்ந்தவர். கைப்பிடியை மட்டும் மாற்றிவிடச் சொன்னார். "இவ்வளவு பளபளன்னு பண்ணிட்டு இதுல மட்டும் கடிச்சு வச்ச மாதிரி இருக்கே டாக்டர்" என்றார். கடித்துத்தான் வைத்திருக்கிறது என்றேன். கார் கண்காட்சி முடிந்த பிறகு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அந்தக் காரை விற்றுக் கொட்டகைக்குப் பக்கத்தில் பெயின்ட் அடிக்கத் தூசி புகாத ஒரு அறை கட்ட நானும் தம்பியும் திட்டமிட்டிருந்தோம். அஸ்திவாரத்துக்குக் கோடும் போட்டிருந்தான்.

அதன் பிறகு விளையாட்டு மைதானத்தில் நடந்த கண்காட்சியில் காரை நிறுத்தியிருந்தோம். கூட்டம் அதிகம். எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். ஒரு பெண்மணி மட்டும் பின் கதவைத் திறக்கலாமா என்று கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். அவர்தான் இந்த வழக்கின் புகார்தாரர். மருந்துக்கடை வைத்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. அவர் கைப்பிடியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு ஒரு விரலைப் பள்ளத்தில் வைத்துக்கொண்டு, "இது நான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்னம்மா?" என்றேன்.

"இது என் பல்லு. ரோடு குண்டும் குழியுமா இருக்கும். நான் இதைக் கடிச்சுக்கிட்டே வருவேன். எங்க அண்ணன் பின்னாலேர்ந்து என் தலையை அமுக்குவான். இது எங்க வீட்டு வண்டி."

பழைய காரைப் பார்த்தால் பாதிப் பேர் எங்கள் வீட்டு வண்டி என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு, "அந்தக் காலத்துல இந்த வண்டி நிறைய ஓடிச்சும்மா" என்றேன். அவர் சண்டை போடவில்லை. என் கொட்டகை எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார். நான் ஒரு பல் மருத்துவர் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் சிரிக்காமலே பேசினார், இருந்தும் கைப்பிடிப் பள்ளங்களில் இருந்த அதே நெருக்கம் அவருடைய கீழ்ப்பற்களிலும் எனக்குத் தெரிந்தது. பால் பல்லை வைத்து வளர்ந்தவரின் பல்லை அடையாளம் சொல்ல முடியாது. அதை அத்தாட்சியாக நான் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போன பிறகும் அது என் மனத்தை விட்டுப் போகவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் அவர் கொட்டகைக்கு வந்தார். கார் யாருடையது என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. "நீங்க வாங்கும்போது இதோட சாவிப் பூட்டு நல்லா இருந்துச்சா, உடைஞ்சு இருந்துச்சா?" என்று கேட்டார். ஏன் கேட்கிறீர்கள் என்றேன். அதன் பிறகு அவர் சொன்னதாவது:

அவருடைய தந்தை ஓய்வு பெற்ற நில அளவையாளர். பல வருடங்களுக்கு முன்பு இந்தக் கார் அவர்கள் வீட்டு வாசலிலிருந்து காணாமல் போயிருக்கிறது. கண்ணாடி எதுவும் உடைந்து தெருவில் கிடக்கவில்லை. வண்டிக்கு இரண்டு சாவிகள். ஒன்று தந்தையிடம், ஒன்று அண்ணனிடம். அப்போது அண்ணன் வண்டியை விற்றுவிட்டு அந்தப் பணத்தில் தொழில் தொடங்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தந்தை மறுத்திருக்கிறார். வண்டி போனதும், இவன்தான் சாவிக்கு நகல் எடுத்துக் கொடுத்து விற்றிருக்கிறான் என்று தந்தை முடிவு கட்டிவிட்டார். அண்ணன் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அண்ணன் வீட்டைவிட்டுப் போய்விட்டார். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அதே ஊரில் இருந்தும் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை.

"எங்கப்பா ஊர் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவர் டாக்டர். சொந்தப் பிள்ளையை மட்டும் கண்ணாலேயே அளந்துட்டார்" என்றார் அவர்.

நான் பழைய பாகங்களைத் தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லி அவரை அனுப்பினேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. பெட்டி அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியில்தான் இருந்தது.

அவர் போனதும் என் தம்பி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தான். எங்களுக்குள் நடந்த பேச்சை ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன்.

"அக்கா, அந்த இரும்பைக் காட்டினா என்ன ஆகும்னு தெரியுமா? இது திருட்டு வண்டின்னு நாமே எழுதிக் குடுத்த மாதிரி. வண்டியும் போகும், நம்ம உழைப்பும் போகும்."

"தெரியும்டா."

"காயலான் கடையில போட்டிருந்தா இந்தப் பேச்சே இல்ல. எல்லாத்தையும் பெட்டி கட்டி வை, பெட்டி கட்டி வைன்னு உயிரை எடுத்தே."

அவன் கோபமாகப் பெட்டியை இழுத்தான். தண்டை எடுத்து மேசைமேல் வைத்தான். விளக்கைத் தாழ்த்திப் பிடித்தான். இரண்டு பேரும் பார்த்தோம். பூட்டிலிருந்து ஒரு இரும்பு முளை நீண்டு தண்டில் உள்ள குழிக்குள் நுழைந்தால்தான் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அந்த முளை முறிந்து, அதன் முனை குழிக்குள்ளேயே சிக்கியிருந்தது. யாரோ ஸ்டியரிங்கை முழுப் பலத்தோடு முறுக்கி உடைத்திருக்கிறார்கள். தம்பி அந்த முனையை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, "அந்த ஆளு இன்னும் வேன்தான் ஓட்டறாராமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். விளக்கை அணைத்துவிட்டு, "கூப்பிட்டுச் சொல்லிடு" என்றான்.

நான் முதலில் ஒப்பந்தக்காரருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். அவர், "டாக்டர், அதெல்லாம் பெரிசு பண்ணாதீங்க. இன்னிக்கே லாரி அனுப்பறேன், ஏத்தி விடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு மருந்துக்கடைப் பெண்மணியை அழைத்துப் பூட்டு உடைந்திருக்கிறது என்று சொன்னேன். மறுமுனையில் கடைச் சத்தம் கேட்டது. யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். அவர் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து, "இப்ப நான் என்ன செய்யணும்?" என்றார். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன். "உங்க மேலேயே வருமே" என்றார். வரட்டும், அப்போதுதான் இதை முறைப்படி பார்ப்பார்கள், நீங்களும் நானும் பேசிக்கொண்டால் உங்கள் அப்பா நம்ப மாட்டார் என்றேன்.

அதன் பிறகு புகாரின் பேரில் ஆய்வாளர் கொட்டகைக்கு வந்தார். புகார்தாரரும் அவருடைய தந்தையும் வந்தார்கள். தந்தைக்கு எண்பதுக்கு மேல் வயது இருக்கும். கைத்தடி வைத்திருந்தும் அதை ஊன்றாமல் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அண்ணன் தனியாகத் தன் வேனில் வந்து வெளியே நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றார். ஆய்வாளர் முன்னிலையில் என் தம்பி அடிச்சட்டத்தில் நாங்களே அடித்த பெயின்டையும் அதற்கு அடியில் இருந்த தாரையும் கரைத்து எடுத்தான். எண் தெரிந்தது. தந்தை கொண்டுவந்த பழைய காப்பீட்டுத் தாளில் இருந்த எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தன. அது அவர்களுடைய கார் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தந்தை காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் திருப்பிப் பார்த்தார். "நான் ஓட்டும்போது இதைத் திருப்ப ரெண்டு ஆள் வேணும்" என்றார். பிறகு அந்த இரும்பு எங்கே என்றார்.

தண்டை மேசைமேல் வைத்தேன். இது அந்த வண்டியின் பூட்டுத்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆய்வாளர் வாசலைப் பார்த்து அண்ணனைக் கூப்பிட்டார். அவர் உள்ளே வந்து, வேன் சாவியோடு கோத்திருந்த ஒரு பழைய சாவியைக் கழற்றி மேசையில் வைத்தார். இத்தனை வருடமாக இதை எதற்கு வைத்திருந்தீர்கள் என்று ஆய்வாளர் கேட்டதற்கு, "தூக்கிப் போட்டா நான்தான் வித்தேன்னு ஆயிடும் சார்" என்றார்.

பூட்டுக்குள் கெட்டிப்பட்டிருந்த பழைய மசகை நான் கொக்கியால் சுரண்டி எடுத்து எண்ணெய் விட்டேன். அண்ணன் சாவியைப் போட்டார். சாவி திரும்பியது. முறிந்த முளையின் மிச்சம் உள்ளே போய் வெளியே வந்தது. அது அந்தக் காரின் பூட்டுத்தான்.

தந்தை என்னிடம், "சாவி போட்டுத் திறந்துட்டு, அப்புறம் திருட்டு மாதிரி தெரியறதுக்கு உடைச்சிருக்கலாம் இல்லையா?" என்று கேட்டார். அண்ணன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நான் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தந்தையின் கையில் கொடுத்து விளக்கினேன். சாவி போட்டுத் திறந்தால் முளை பூட்டுக்குள் போய்விடும், அப்போது எவ்வளவு முறுக்கினாலும் அது உடையாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போதுதான், அதாவது பூட்டியிருக்கும்போதுதான், முறியும். முனை இன்னும் குழிக்குள்தான் இருக்கிறது. கையில் அசல் சாவியோ நகல் சாவியோ இருக்கிறவர்கள் இந்தப் பாடு பட வேண்டியதில்லை. கண்ணாடி உடையாததற்குக் காரணம் என்று வளைந்த கொண்டியையும் காட்டினேன். முக்கோணக் கண்ணாடியைக் கம்பியால் நெம்பித் திறந்து, கையை விட்டுக் கதவைத் திறந்திருக்கிறார்கள்.

அவர் உருப்பெருக்கியை வைத்துத் தண்டைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய அளவுகோலை எடுத்து முனையின் அகலத்தையும் முளையின் அகலத்தையும் அளந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அளந்து முடித்து அளவுகோலைப் பைக்குள் வைக்கப் போனவருக்கு இரண்டு முறை பை தவறியது. மகள் வாங்கி வைத்தார்.

அதன் பிறகு அவர் மகனிடம் பேசவில்லை. ஆய்வாளரிடம்தான் பேசினார். "அன்னிக்கு நான் ஸ்டேஷன்ல குடுத்த புகார்ல என் பையன் மேலதான் சந்தேகம்னு சொல்லியிருக்கேன். அதை எப்படி வாபஸ் வாங்கறது?" என்று கேட்டார்.

ஆய்வாளர், "ஐயா, அந்தக் காலத்துக் கோப்பெல்லாம் இப்ப இருக்காது. அழிச்சிருப்பாங்க. நீங்க வாபஸ் வாங்க ஒண்ணுமே இல்ல" என்றார்.

"எழுதினது இல்லாம இருக்கலாம் சார். நான் சொன்னது இருக்கே" என்றார் அவர்.

இதைக் கேட்டதும் அண்ணன், "விடுங்கப்பா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு, பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது, பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று சொல்லி வேனை எடுக்கக் கிளம்பினார். தந்தையும் பின்னாலேயே போனார். நானும் மகளும் வாசல்வரை போனோம். வேனுக்குள் பெரியவர்கள் உட்காரும் இருக்கை ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது. அதில் சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. அண்ணன் அவற்றை எடுத்துக் கீழே வைத்தார். தந்தை ஏறினார். படி உயரமாக இருந்ததால் ஏறுவதற்கு நேரமானது. அண்ணன் பிடித்துக்கொண்டார். மகள் தான் ஆட்டோவில் வந்துவிடுவதாகச் சொல்லிக் கொட்டகையிலேயே நின்றுவிட்டார். சிறிது நேரம் கழித்து என் தம்பி அவருக்கு நாற்காலி போட்டான்.

கார் இப்போது கொட்டகையில் இருக்கிறது. யாரிடம் ஒப்படைப்பது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும் என்று ஆய்வாளர் சொன்னார். அதற்கு நான் கட்டுப்படுகிறேன். நாங்கள் பொருத்திய பாகங்களுக்கு உரிமை கொண்டாடப் போவதில்லை. பிரேக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு காரைக் கொடுப்பது முறையில்லை என்று என் தம்பியும் சொல்லிவிட்டான். முடிவாகும் வரை காரைக் காவல் நிலைய வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் நிறுத்தாமல் என் கொட்டகையிலேயே வைக்க அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அங்கே நிற்கும் வண்டிகளை வரும்போது பார்த்தேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நேற்று அந்தப் பெரியவர் பல் மருத்துவமனைக்கு வந்தார். நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே வந்தார். பல்லுக்கு ஒன்றுமில்லை என்றார். "நான் போய்ச் சொன்னா அப்பன் பிள்ளைக்காகச் சொல்றான்னு ஆயிடும். நீங்க வெளி ஆளு. நீங்க குடுக்கற வாக்குமூலத்துல ஒரு வரி போடுவீங்களா?" என்று கேட்டார். போடுகிறேன் என்றேன். எந்த வரி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வரியை இப்போது சொல்கிறேன். இந்தக் காரை அவருடைய மகன் எடுக்கவில்லை. நேரில் பார்க்காததைச் சாட்சி சொல்ல முடியாது, பூட்டு சாவியில்லாமல் உடைக்கப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். அவர் சொல்வது சட்டப்படி சரி என்று எனக்குப் புரிகிறது. புரிந்துகொண்டுதான் அந்த வரியை அடிக்காமல் விடும்படி கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு விட்டுவிட்டார்.

நான் சொன்னதை ஆய்வாளர் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறை படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)